கூட்டின் அளவும் கருணையின் அளவும்

அருகன் அறத்தைப் போற்றும் இல்லங்களில் பிறந்த நம் பிள்ளைகள் எழுத்தறியும் முன்னரே கற்றுக்கொள்ளும் பாடங்கள் சில உண்டு. எறும்பு ஊரும் இடத்தில் கால் வைக்கலாகாது. விளக்கைச் சுற்றும் விட்டிலை அடிக்கலாகாது. பொழுது சாய்ந்தபின் உண்ணலாகாது. இவற்றை நாம் நூலைப் பார்த்துக் கற்றோமல்லோம். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கற்றோம். ஆயினும், கொல்லாமை என்பது தீங்கு செய்யாமல் கையை அடக்கிக்கொள்வதோடு முடிவதன்று. உதவி செய்யக் கையை நீட்டும்போதும் அக்கையில் கவனம் இருத்தல் வேண்டும். இதனை எங்களுக்குக் கற்பித்தது ஒரு தகரப் பெட்டி. அந்நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்லியே இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளுடன் சேர்ந்து, சிட்டுக்குருவிகளுக்கு வீடு அமைத்துத் தருவது என்று முடிவு செய்தோம். எண்ணெய் வந்த பழைய தகர டப்பா ஒன்றில் துளையிட்டு, பச்சை வண்ணம் பூசி, எல்லார் கண்ணிலும் படும்படி மேற்குச் சுவரில் ஆணியடித்து மாட்டினோம். மாசி மாதத்தில் ஒரு குருவிச் சோடி வந்து வைக்கோலும் நாரும் சேர்த்தது. பங்குனி கடந்து சித்திரையில் குஞ்சுகளின் கீச்சொலி கேட்டது. பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய சில நாட்களில் அவ்வொலி நின்றது. தாய்க்குருவி வாயிலில் வந்து அமர்வதும் பறப்பதுமாக இருந்தது. இறக்கிப் பார்த்தபோது மூன்று குஞ்சுகளும் இறந்து கிடந்தன. பிற்பகல் வெயிலில் அந்தத் தகரம் கையால் தொட இயலாதபடி கொதித்தது. "நாம்தானே கொன்றோம்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அப்போது எங்களிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

கருணையும் கவனமும்

ஹிம்சை என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் தரும் இலக்கணத்தை நாம் அறிவோம். உயிருக்கு நேரும் கேடு ஒன்றையே வைத்து ஆசாரியர் உமாசுவாமி ஹிம்சையை வரையறுக்கவில்லை; பிரமாதம் எனப்படும் கவனமின்மையோடு கூடிய செயலால் உயிருக்குக் கேடு விளைவதே ஹிம்சை என்றார். பொன்னூர் மலையோடு நம் மரபு இணைத்துப் போற்றும் ஆசாரிய குந்தகுந்தரும் பிரவசனசாரத்தில் இதனையே மேலும் நுட்பமாக விளக்குகிறார். கவனமின்றி நடப்பவன், உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும், ஹிம்சைக்கு உரியவனாகிறான். கவனத்தோடு நடப்பவனுக்கோ, அவன் அறியாமல் ஓர் உயிர் மடிந்தாலும், அது மட்டுமே பந்தத்திற்குக் காரணம் ஆவதில்லை என்பது அவர் கருத்து.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் அச்சிறுமிக்கு விடை கிடைக்கிறது. கொல்ல வேண்டும் என்னும் சங்கல்பம் நம்மிடம் இல்லை. ஆனால், தகரம் சுடும் என்பதும், மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் விழும் என்பதும் நாம் அறியாதவை அல்ல. அறிந்திருந்தும் எண்ணிப் பார்க்கவில்லை. அங்கேதான் நம் குற்றம் இருக்கிறது. முனிவர்களுக்கு உரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி என ஒன்று உண்டு. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அவ்விடத்தை நோக்கி, உயிர்களுக்கு இடையூறு இல்லை என்று தெளிந்த பின்னரே செய்தல் அது. இல்லறத்தாராகிய நாம் அவ்விரதத்தை முழுமையாக ஏற்கவில்லை எனினும், ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டும்போது அதன் சாயலேனும் நம்மிடம் இருந்திருக்க வேண்டும் அன்றோ?

அறியாமையோடு கூடிய கருணை எவ்வளவு தூரம் கேடு செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரியதோர் சான்று உண்டு. நோயுற்ற மாடுகளின் வலியைத் தணிக்க டைக்ளோஃபினாக் என்னும் மருந்தைக் கொடுத்தனர். வலி தணிந்தது. ஆனால், அம்மருந்து உடலில் இருக்கும்போதே மாடு இறந்துவிட்டால், அவ்வுடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதுபட்டு மடிந்தன. 1990களின் தொடக்கத்திலிருந்து 15 ஆண்டுகளுக்குள் வெண்முதுகுக் கழுகுகள் நூற்றுக்கு 99க்கும் மேலாக அழிந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை 2006ஆம் ஆண்டில் அரசு தடை செய்தது. மாட்டின்மேல் காட்டிய இரக்கம், வானில் பறந்த மற்றோர் உயிரினத்தை ஏறத்தாழ வேரறுத்தது. ஒருவருக்கும் தீய எண்ணம் இருந்ததில்லை. தொடர்பை அறியாமல் இருந்தனர், அவ்வளவே.

பெட்டியின் இலக்கணம்

ஆதலின் பெட்டியை முறையாகச் செய்யக் கற்போம். சிட்டுக்குருவிக்கு உரிய அளவுகளை இங்கே தருகிறோம். தச்சரிடம் கொடுத்தோ, தாமே அறுத்தோ செய்துகொள்ளலாம்.

பொருள்: 15 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமுள்ள மரப்பலகை நன்று. பழைய பெட்டிகளின் பலகையே போதும். புதிய மரம் வெட்ட வேண்டியதில்லை. சுட்ட மண் கலயமும் ஏற்றதே. தகரமும் பிளாஸ்டிக்கும் வேண்டா. அட்டைப் பெட்டி மழையில் ஊறிக் குஞ்சுகளோடு விழும். உட்புறத்தில் வண்ணமோ வார்னிஷோ பூசலாகாது.

அளவு: அடித்தளம் 15 செ.மீ. சதுரமாக இருக்கலாம். வாயில் வட்டமாக, 32 மி.மீ. குறுக்களவு உடையதாக அமைய வேண்டும். அதனினும் பெரிதாக விட்டால் மைனா முதலியவை கைப்பற்றிக்கொள்ளும். வாயிலின் அடிவிளிம்பு தளத்திலிருந்து 12 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல் குஞ்சுகள் தவறி விழும். பூனையின் கையும் காக்கையின் அலகும் எட்டும்.

வாயிலின் முன் குச்சி: பலரும் அழகுக்காக ஒரு குச்சியைச் செருகிவிடுகின்றனர். குருவிக்கு அது தேவையில்லை. கூட்டைத் தாக்க வரும் பறவைக்கே அது படியாக உதவும்.

காற்றும் நீரும்: கூரைப் பலகை முன்புறம் சாய்ந்து, வாயிலுக்கு மேல் நீண்டிருக்க வேண்டும். கூரைக்குக் கீழே காற்றுப் போக ஓர் இடைவெளியும், அடித்தளத்தின் மூலைகளில் நீர் வடியச் சிறு துளைகளும் வேண்டும். ஒரு பக்கத்துப் பலகை திறந்து மூடத்தக்கதாக இருந்தால், பின்னர்த் தூய்மை செய்ய ஏதுவாகும்.

இடம்: தரையிலிருந்து 2 முதல் 4 மீட்டர் உயரத்தில், தாழ்வாரத்தின் கீழோ இறவாணத்தின் அடியிலோ, பிற்பகல் வெயிலும் சாரலும் படாத சுவரில் மாட்டுக. அறைக்குள்ளும் மின்விசிறிக்கு அருகிலும் மாட்டவே கூடாது. சுழலும் விசிறியில் அடிபட்டு மடியும் குருவிகள் பல. குருவிகள் கூட்டமாக வாழ்பவை. ஆதலின் சற்று இடைவிட்டு இரண்டு மூன்று பெட்டிகள் வைப்பது நலம்.

காலம்: குருவி மூன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இடும். ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் மேலும் இரண்டு வாரத்தில் பறக்கும். அதுவரை பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்குதல் பிள்ளைகளுக்கு நல்லதொரு நோன்பாகும். கூடு வெறுமையானதை ஐயமின்றி அறிந்த பின் பழைய நாரை வெளியே எடுக்கலாம். அதில் சிற்றுயிர்கள் இருக்குமாதலால் எரிக்காமல், மரத்தடியில் நிழலான ஓரிடத்தில் வைத்துவிடுக.

பெட்டி நம்மைக் கேட்கும் வினாக்கள்

பெட்டி செய்து முடித்துவிட்டோம். இப்போது அதனை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் உறுப்பும் நம்மிடம் என்ன கேட்கிறது என்று எண்ணிப் பார்ப்போம்.

வாயில் கேட்பது: "என்னைத் தனியே செய்ய வேண்டிய நிலை ஏன் வந்தது?" நம் முன்னோர் வீடுகளில் நாட்டோட்டுக் கூரை இருந்தது, மூங்கில் வரிச்சுகளின் இடுக்கும், இறவாணமும், சுவர்ப் பொந்தும், சாய்த்து மாட்டிய படங்களின் பின்புறமும் குருவிக்கு இடமளித்தன. ஒருவரும் குருவிக்கென வீடு கட்டவில்லை; ஆயினும் குருவி இல்லாத வீடு இல்லை. இன்று தளம் போட்ட மாடி வீட்டில் ஒரு பொந்தும் இல்லை. ஆகவே இப்பெட்டியை நாம் தரும் கொடை என்று பெருமை கொள்ளலாகாது. முன்பு இருந்ததை எடுத்துக்கொண்டவர் திருப்பித் தரும் கடன் என்று கொள்வதே பொருந்தும்.

தளம் கேட்பது: "எனக்குள் வாழ்பவர் எதை உண்பர்?" களத்தில் நெல் அடித்துத் தூற்றிய காலத்தில் சிந்தியதே குருவிக்குப் போதுமானதாக இருந்தது. முற்றத்தில் அரிசி புடைத்த தாய்மார் நொய்யை இறைத்தனர். அறுவடையில் முதற்கதிரைக் கொத்தாகக் கட்டி வாயிலில் தொங்கவிட்டனர். இன்று அறுவடை எந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துவிடுகிறது; அரிசியோ கல் நீக்கப்பட்டுப் பையில் வருகிறது.

கூரை கேட்பது: "எனக்கு நிழல் தர அருகில் மரம் உண்டோ?" எல்லாப் பறவைகளும் பெட்டியில் குடிபுகா என்பதை மறக்கலாகாது. சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான், கூகை போன்ற பொந்துவாழ் பறவைகளுக்கே அது பயன்படும். தூக்கணாங்குருவிக்குக் கிணற்றோரப் பனையும் முள்மரமும் வேண்டும். தேன்சிட்டுக்குப் புதர் வேண்டும். செம்மார்புக் குக்குறுவான் பட்டுப்போன மென்மையான கிளையைத் தானே குடைந்து கூடமைக்கும். அது விட்டுச்சென்ற பொந்து பின்னர் வேறு பறவைகளுக்கு ஆகும். எனவே முருங்கையின் பட்ட கிளையொன்றை அபாயமில்லாத இடத்தில் வெட்டாமல் விட்டுவைப்பது, ஆணியும் பலகையும் இல்லாமலே நாம் அமைக்கும் பறவை வீடாகும்.

இவ்வாறு ஒரு சிறு பெட்டி வீட்டின் அமைப்பையும், உழவின் முறையையும், உணவின் வழியையும், மரத்தின் தேவையையும் ஒருங்கே நம் முன் நிறுத்துகிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் அமைந்தவை என்னும் கருத்து தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ளது. பகவான் மகாவீரரின் 2500ஆவது நிர்வாண ஆண்டை ஒட்டி நம் சமயப் பிரிவுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட சின்னத்தின் அடியில் பொறிக்கப்பட்டதும் அச்சூத்திரமே. அதனை நாம் நாள்தோறும் காண்கிறோம். அப்பெட்டியோ அதன் உரையை நமக்குச் சொல்கிறது.

குருவி உண்மையில் மறைந்து வருகிறதா?

கேட்டதையெல்லாம் நம்பாமல் ஆராய்ந்து ஏற்பதே சம்யக் ஞானத்தின் வழி. நாசிக்கில் தோன்றிய ஓர் அமைப்பின் முயற்சியால் 2010ஆம் ஆண்டு முதல் மார்ச் 20ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் மேடைதோறும், கைபேசிக் கோபுரங்களே குருவிகளை அழித்தன என்று பேசப்படுகிறது. அதனை உறுதிசெய்யும் தெளிவான சான்று இதுவரை இல்லை. நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த குறிப்புகளைத் தொகுத்து 2020ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கினால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை 25 ஆண்டுகளில் பெரிதும் மாறவில்லை என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்து வருவது தெரிகிறது என்றும் கூறியது.

இதனால் நம் முயற்சி வீண் என்பதன்று. கோபுரத்தைக் குற்றம் சொல்வது எளிது; அது நம் வீட்டைச் சேர்ந்ததன்று. கூடமைக்க இடமும், குஞ்சுக்கு உணவும், செடிகொடியும் குறைந்தமை முதலிய காரணங்களோ நம் வாயிலுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகையால்தான் அவற்றைப் பேச நாம் தயங்குகிறோம்.

ஒரு சிறுவன் எழுப்பிய ஐயம்

பாடசாலையில் இவற்றை விளக்கியபோது ஒரு சிறுவன் எழுந்து, "குருவி தன் குஞ்சுக்குப் புழுவையும் பூச்சியையும் ஊட்டுகிறதே, அதற்கு வீடு கட்டித் தருவது ஹிம்சைக்குத் துணை போவது ஆகாதா?" என்று வினவினான். சமணச் சிறுவன் ஒருவனே கேட்கக்கூடிய வினா இது. இதனைச் சிரித்து ஒதுக்குதல் தகாது.

வளர்ந்த குருவி பெரும்பாலும் தானியம் உண்பது. ஆனால் குஞ்சின் உடல் வளரப் புழு பூச்சிகள் இன்றியமையாதவை என்பது உண்மையே. நாம் அக்குருவிக்குப் புழுவைப் பிடித்துக் கொடுக்கவில்லை. கொல்லும்படி ஏவவும் இல்லை. வெயிலிலும் பூனையிடத்தும் அஞ்சும் ஓர் உயிருக்கு அடைக்கலம் தருகிறோம். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் இது அபய தானமாகும். அவ்வுயிர் தன் கர்மத்திற்கேற்ப வாழும் வாழ்வை நாம் ஏவுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் உள்ள, 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பறவை மருத்துவமனை, இவ்வையத்திற்கு நடைமுறையில் ஒரு விடை கண்டது. தானியம் உண்ணும் பறவைகளை உள்ளே வைத்துப் பேணுவதும், ஊன் உண்ணும் பறவைகளைப் புறநோயாளிகளாகப் பார்த்து மருந்திட்டு அனுப்புவதும் அங்கே நெடுங்கால வழக்கம். பருந்துக்கும் மருந்து மறுக்கப்படுவதில்லை. ஆனால் அதற்காக ஊன் வாங்கப்படுவதும் இல்லை. கருணையையும் விரதத்தையும் ஒருசேரக் காத்த முறை இது.

புழுவை முன்னிட்டுக் குருவியைத் துரத்துவதும் தீர்வாகாது. 1958ஆம் ஆண்டில் சீன நாட்டில், தானியத்தைத் தின்கிறது என்று குற்றஞ்சாட்டிச் சிட்டுக்குருவிகளை நாடு முழுவதும் கொன்று குவித்தனர். பூச்சிகள் பெருகிப் பயிரை அழித்தன. 1960ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியின் பெயரை அவர்களே நீக்கினர். பூச்சி, பறவை, பயிர் என்னும் தொடர்பில் ஒன்றை அறுத்தவருக்குப் பஞ்ச காலத்தில் மேலும் துன்பம் சேர்ந்தது.

சிறுவனின் வினா உண்மையில் திரும்ப வேண்டிய திசை வேறு. நம்மவருள் பலர் தலைமுறை தலைமுறையாக உழவர். சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என்று ஹிம்சையை நான்காகப் பிரித்த நம் ஆசாரியர்கள், தொழிலில் நேரும் ஹிம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது என்று அறிந்தே, அதனைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால், வயலில் பூச்சி தென்படும் முன்னரே நாள் குறித்து மருந்தடிப்பதும், ஒன்றுக்கு இரண்டு பங்காகக் கலப்பதும், நஞ்சு தோய்ந்த விதைநெல்லை வரப்பில் சிந்திவிட்டு வருவதும் உத்யோகியில் அடங்குமோ? பயனின்றிச் செய்யும் தீமையை அநர்த்த தண்டம் என்றும், அதனுள் நஞ்சு முதலியவற்றை வழங்குவதை ஹிம்சாதானம் என்றும், கவனமற்ற நடையைப் பிரமாத சரியை என்றும் இரத்தினகரண்டக சிராவகாசாரம் வகுத்துரைக்கிறது. தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு தெளிப்பும் அவ்வகையைச் சாரும் என்றே நாங்கள் கருதுகிறோம். குருவி ஊட்டும் பத்துப் புழுக்களைப் பற்றி ஐயுற்ற நாம், ஒரே காலையில் ஓர் ஏக்கரில் மடியும் உயிர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. இதுவே அப்பெட்டி நம்மிடம் கேட்கும் கடுமையான வினா.

கூகைப் பெட்டி பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இஸ்ரேல் நாட்டில் எலிகளுக்கு நஞ்சு வைப்பதைக் குறைக்க, 1980களின் தொடக்கத்தில் வயல்களில் கூகைகளுக்குப் பெட்டி அமைத்தனர். 2002ஆம் ஆண்டு முதல் யோர்தானியரும் பாலஸ்தீனியரும் அம்முயற்சியில் இணைந்தனர். பகை கொண்ட நாட்டார் ஒரு பறவையின் பொருட்டு ஒரே இடத்தில் அமர்ந்து பேசினர் என்பது போற்றத்தக்கது. ஆயினும், எலியைக் கொல்வதற்கென்றே கூகைக்குப் பெட்டி வைப்பது நமக்கு ஏற்குமோ? நோக்கத்தில் சங்கல்பம் கலந்துவிடுகிறதே என்பர் சிலர். நஞ்சு வைத்தால் எலியும் சாகும், அதைத் தின்ற கூகையும் சாகும். ஆகவே இது குறைந்த தீமை என்பர் வேறு சிலர். நாங்கள் துணிந்து சொல்லக்கூடியது இவ்வளவே: நஞ்சு வைப்பதை நிறுத்துவோம், முன்னரே கூகை வாழும் பழைய மரத்தையும் பாழ்மண்டபத்தையும், அபசகுனம் என்று சொல்லி அழிக்காதிருப்போம். எஞ்சியதை உங்கள் ஊரில் பேசித் தெளிக.

ஊரோடு பேசுதல்

பேசித் தெளிதல் என்றோம். ஒரு வீட்டார் மட்டும் பெட்டி மாட்டுவதால் காற்றும் நீரும் வயலும் திருந்தா. ஊர் கூடிப் பேச வேண்டும். அவ்வாறு பேசிய ஊர்கள் நம் நாட்டிலேயே உண்டு.

2020ஆம் ஆண்டில் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்குகளை இயக்கும் மின்பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டிருப்பதை ஓர் இளைஞர் கண்டு, கைபேசி வழியே ஊராருக்குத் தெரிவித்தார். விளக்கைப் போட்டால் கூடு கலையும். ஊரார் பேசி ஒப்புக்கொண்டு, குஞ்சு பறக்கும் வரை ஏறத்தாழ 35 நாட்கள் தெருக்களை இருளில் விட்டனர். அதே மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் புகலிடத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், நீர்ப்பறவைகள் அஞ்சிக் கலையாதிருக்கத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. நமக்குத் தீபாவளி பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். அந்நாளில் நம் தெருக்களில் எழும் வெடியோசையை எண்ணும்போது, அச்சிற்றூர் மக்கள் நமக்கு ஆசிரியராகத் தோன்றுகின்றனர்.

இங்கிலாந்தில் வீடுகளைப் புதுப்பிக்கும்போது சுவர் இடுக்குகள் அடைபட்டு உழவாரன் பறவைகள் கூடிழந்தன. புதிய வீடுகளில் அவற்றுக்கெனத் துளையுள்ள ஒரு செங்கல்லைப் பதிக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் ஓர் எழுத்தாளர் தொடங்கிய விண்ணப்பத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 2023ஆம் ஆண்டு ஜூலையில் அது நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. ஒரு செங்கல்லின் வடிவம் ஒரு நாட்டின் பேச்சாயிற்று.

பேச்சு தவறிய இடமும் உண்டு. அது நம்மைச் சார்ந்தது என்பதால் மறைக்கலாகாது. மும்பையில் புறாக்களுக்குத் தீனியிடும் இடங்களை மூடுவது குறித்து 2025ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வழக்கும் போராட்டமும் எழுந்தன. நம் சமயத்தார் பலர் அப்போராட்டத்தில் முன் நின்றனர். பறவைக்கு உணவிடுதல் நம் தொன்மையான அறம். அகமதாபாத் நகரின் பழைய தெருக்களில் செதுக்கிய தூண்கள்மேல் நிற்கும் சபூத்ரா என்னும் தீனிமாடங்கள் அதற்குச் சான்று. அதே நேரத்தில், புறா எச்சத்தின் தூளை நெடுநாள் சுவாசிப்பதால் சிலருக்கு நுரையீரல் நோய் உண்டாகும் என்பதும் மருத்துவம் அறிந்த உண்மை. நோயுற்றவரும் ஐம்பொறி உடைய உயிரே. இருவரும் ஒருவரையொருவர் கேட்டு, எவ்வளவு தீனி, எங்கே, எந்த நேரத்தில் என்று முன்னரே பேசியிருந்தால் வழக்கிற்கு இடமிருந்திராது என்று எண்ணத் தோன்றுகிறது.

அநேகாந்தம் நமக்கு அருளப்பட்டது மேடையில் புகழ்வதற்கு மட்டும் அன்று. ஊர்க்கூட்டம் நடத்துவோர் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்வது நலம்.

முதலாவது, உடன்படுவோரை மட்டும் அழைக்கலாகாது. மருந்தடிக்கும் உழவர், கடைக்காரர், வேறு சமயத்து அண்டைவீட்டார், பறவையின் எச்சத்தை நாள்தோறும் கூட்டிப் பெருக்கும் அம்மையார் ஆகியோரும் வர வேண்டும். அவ்வம்மையாரின் சொல்லை முதலில் கேட்பது நன்று.

இரண்டாவது, பெட்டியைக் கூட்டத்தின் நடுவே வைத்துத் தொடங்குக. சுற்றுச்சூழல் என்று பொதுவாகத் தொடங்கினால் பேச்சு வானத்தில் பறக்கும். "இதை எந்தச் சுவரில் மாட்டலாம்?" என்று தொடங்கினால், வெயிலும் மரமும் நஞ்சும் தாமே பேச்சில் வந்து சேரும்.

மூன்றாவது, பாஷா சமிதியைக் கைக்கொள்க. இன்னாச் சொல்லும் பழிச் சொல்லும் வேண்டா. மருந்தடிப்பவரைப் பாவி என்று சொன்னால் அவர் அடுத்த கூட்டத்திற்கு வாரார். அவர் கடன் எவ்வளவு, சென்ற ஆண்டு அவர் இழந்தது எவ்வளவு என்று கேட்டால், அவரே குறைக்கும் வழியைச் சொல்லக்கூடும்.

நான்காவது, கலையும் முன் ஒரே ஒரு செயலை, நாள் குறித்து முடிவு செய்க. பத்துத் தீர்மானங்களைவிட ஒரு வயலில் ஒருமுறை தவிர்க்கப்பட்ட தெளிப்பு மேலானது.

முடிவாக

இறந்த குஞ்சுகளைப் பிள்ளைகளே மண்ணில் இட்டனர். அவ்வாண்டே தகரப் பெட்டியை அகற்றிவிட்டு, மூன்று மரப்பெட்டிகளைத் தாழ்வாரத்தின் நிழலில் மாட்டினோம். ஓராண்டு முழுதும் மூன்றும் வெறுமையாகவே இருந்தன. அடுத்த ஆண்டில் ஒன்றில் மட்டும் குருவி குடிவந்தது, குஞ்சுகள் பறந்தன. இது பெரிய வெற்றியன்று. ஆனால், அப்பெட்டியின் கீழே நின்று பேசத் தொடங்கியதால், இரண்டு உழவர் நாள் பார்த்து மருந்தடிக்கும் வழக்கத்தை விட்டு, வரப்பில் இறங்கிப் பயிரைப் பார்த்த பின்னரே முடிவு செய்கின்றனர். "நாம்தானே கொன்றோம்?" என்று கேட்ட சிறுமிக்கு நாங்கள் பின்னர்ச் சொன்ன விடை இதுவே: "ஆம் அம்மா, கவனமின்மையால் கொன்றோம். அதனை ஒப்புக்கொண்டதால்தான் இனிக் கவனமாக இருக்கக் கற்றோம்." நாள்தோறும் நாம் செய்யும் பிரதிக்கிரமணத்தின் பொருளும் இதனின் வேறன்று.

குடும்பத்துடன் சிந்திக்க

1. உங்கள் வீட்டில் பறவையோ அணிலோ தங்கத்தக்க இடங்கள் எத்தனை? உங்கள் பாட்டனார் வீட்டில் எத்தனை இருந்தன? வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதுக.

2. பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் வீட்டின் எந்தச் சுவரில் நிழல் விழுகிறது? ஒரு வாரம் கவனித்துக் குறிக்க.

3. வீட்டிலும் வயலிலும் பயன்படும் நஞ்சுகளைப் பட்டியலிடுக. அவற்றுள் இன்றே விலக்கத்தக்கது எது?

4. கூட்டில் அடைத்து வளர்க்கும் பறவைக்கும் பெட்டியில் குடிவரும் பறவைக்கும் உள்ள வேறுபாடு யாது? அஹிம்சாணுவிரதத்தின் அதிசாரங்களாகிய கட்டுதல், உணவு நீர் தடுத்தல் முதலியவற்றோடு ஒப்பிட்டு எழுதுக.

5. கூகைப் பெட்டி பற்றி உங்கள் வீட்டில் இருவேறு கருத்து எழுமாயின், எதிர்க்கருத்தை அதனை உடையவரே ஒப்பும்படி எடுத்துரைத்துப் பழகுக.

கொல்லாமை வெல்க. எல்லா உயிரும் இன்புறுக.